முதல் பன்றி போன மேஜை

இந்த வாரம் எழுதப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. குவான் சாமி முன்னால் மூன்று ஊதுபத்தி கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மூன்றும் ஒரே சீராக எரிந்து ஒரே நொடியில் அணைந்தன. பொய்க்குக் கொளுத்தினால் நடு ஊதுபத்தி முந்திக்கொள்ளும் என்பது ஹாங்காங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு என் கீழ்வரிசைப் பல்லின் மேலும் ஆணையிட்டிருக்கிறேன். மேல்வரிசை கடையில் வாங்கியது. அதன்மேல் ஆணையிடுவது முறையல்ல.

போன வாரம் மலை வீட்டுக் கூடத்தில் மான்ஃபோங் வாக்குக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தேன்.

மான்ஃபோங் என் அண்ணன் மொக் காம்சோங்கின் மூத்த மருமகள். பெரிய அண்ணி காலமான பிறகு வீடு, உலர்மீன் கடைகள், குடும்ப அறக்கட்டளை, அண்ணனின் மாத்திரை டப்பா எல்லாமே அவள் கையில்தான். அவள் புருஷன் வாய்ஹோங்கும் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருப்பான்.

வாக்கு வாங்கியவள் யூக்திங். அண்ணனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த மகள். ஓட்டல் மண்டபங்களை விருந்துக்கு அலங்கரிப்பது அவள் தொழில். காலியான மண்டபத்தை அவளிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அதை மூங்கில் காடாகவும் மாற்றுவாள், கடலடி மாளிகையாகவும் மாற்றுவாள். ஒரு தடவை பனிமலை செய்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் ஜலதோஷத்தில் படுத்துவிட்டார்கள். வெறும் பஞ்சுதான் அது.

சிறுநீரக நோயாளிகளுக்கு இயந்திரம் வாங்க எங்கள் அறக்கட்டளை வருஷா வருஷம் நடத்துகிற விருந்தை யூக்திங் கூலி வாங்காமல் அலங்கரித்துத் தர வேண்டும். பதிலுக்கு அவள் அம்மா, எங்கள் சின்ன அண்ணி ஷூலான், முதல் மேஜையில் அண்ணன் பக்கத்தில் உட்காருவார். அதுதான் பேச்சு.

சின்ன அண்ணியைக் கடலுக்கு அந்தப் பக்கம் கௌலூனில், மோங்காக்கில் ஒரு மாடி வீட்டில் குடிவைத்த நாளிலிருந்து அண்ணன் அவரை நாலு பேர் முன்னால் பக்கத்தில் உட்கார வைத்ததே இல்லை. யூக்திங் சொத்துக் கேட்கவில்லை, கடை கேட்கவில்லை. கேட்டது ஒரு நாற்காலி. அதில் அம்மா உட்கார்வதை ஊர் பார்க்க வேண்டும்.

விருந்து நாளும் வந்தது.

*

காலையில் நான் மண்டபத்துக்குப் போனபோது நிலா பாதி ஏறியிருந்தது.

இந்த வருஷ விருந்துக்கு 'நிலா மாளிகை' என்று பெயர். பிரம்புச் சட்டத்தில் பட்டுத் துணி போர்த்தி, உள்ளே விளக்குகள் வைத்து, டிராம் வண்டி அகலத்துக்கு ஒரு நிலாவைச் செய்திருந்தாள் யூக்திங். முந்தின நாள் அதைச் சோதித்துப் பார்க்க ஏற்றியபோது துறைமுகத்தில் கடல் அரை அடி மேலே வந்துவிட்டதாம். அதை உடனே அணைக்கச் சொல்லித் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓட்டலுக்குப் போன் வந்தது. போனை எடுத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேஜைகளுக்கு வெள்ளி விரிப்பு. நடுவில் மணக்கும் மஞ்சள் பூங்கொத்து. தூண்களில் பட்டு முயல்கள். மேடைக்கு எதிரே எல்லாவற்றையும்விடப் பெரிதாக முதல் மேஜை. அதன் நாற்காலிகளுக்கு மட்டும் தங்க நிற உறை.

மான்ஃபோங் உள்ளே வந்தாள். வாசலில் நின்ற ஐஸ் அன்னம் அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது.

"என்னடி இது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி? எங்க பார்த்தாலும் வெள்ளி. விருந்துக்கு வர்றாங்களா, ஊசி போட்டுக்க வர்றாங்களா?"

ஏணியில் நின்றபடியே யூக்திங் சொன்னாள்: "நிலா மாளிகைன்னு பேர் வெச்சது நீங்கதான் அண்ணி. நிலா செவப்பா இருக்கும்னா சொல்லுங்க, மாத்திடறேன்."

"எதிர்த்துப் பேச உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லண்ணி. அம்மாவுக்கு எதிர்ல பேச ஆளே கிடையாதே. உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்."

மான்ஃபோங் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சமையற்கட்டுக் கதவிலிருந்து மேடை வரைக்கும் கூரையில் ஒரு தண்டவாளம் ஓடியது. நிலா அதில் தொங்கியது. அது அவளுடைய யோசனைதான். இதைப் படிக்கிற எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், அவளுடைய யோசனை.

"நான் உள்ள வர்றப்ப அது சமையக்கட்டுப் பக்கம் உதிக்கணும். நான் நடக்க நடக்க என் தலைக்கு மேலயே வரணும். நான் உட்கார்றப்ப அதுவும் நிக்கணும். புரிஞ்சுதா?"

"நீங்க தும்மினா அது என்ன பண்ணணும் அண்ணி?"

மான்ஃபோங் வாசல் பக்கம் திரும்பினாள். பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரியான லோவைக் கூப்பிட்டாள். லோ நல்லவன். நாற்பது பேரை விரலசைவில் ஆட்டிவைப்பான். ஆனால் விளக்கணைத்தால் அவனுக்குச் சுவர் எது, விருந்தாளி எது என்று தெரியாது.

எங்கள் ஊர் விருந்தில் முழுப் பன்றிக்குட்டி வரும்போது மண்டபத்தில் விளக்கணைப்பார்கள். வறுத்த பன்றியின் கண்ணில் சிவப்பு பல்பு எரியும். மேளம் கொட்ட வரிசையாகக் கொண்டுவருவார்கள். முதல் பன்றி எந்த மேஜையில் இறங்குகிறதோ அதுதான் முதல் மேஜை. வீட்டுத் தலைவர் மொறுமொறுவென்ற அந்தத் தோலில் முதல் துண்டைக் கடிக்கும் வரை கவர்னரே வந்திருந்தாலும் சாப்பிடும் குச்சியைத் தொடக்கூடாது.

"போன வருஷம் பன்னியைக் கொண்டுபோய் வங்கி மேனேஜர் மடியில வெச்சே, ஞாபகமிருக்கா?" என்றாள் மான்ஃபோங்.

"அவர் நல்லவரும்மா. ஒண்ணும் சொல்லல."

"இந்தத் தடவை மேல பார்த்துட்டு வா. நிலா எங்க நிக்குதோ அதுக்கு நேர் கீழ இறக்கு. சொந்தமா யோசனை கீசனை பண்ணாதே."

"பண்ண மாட்டேம்மா. பண்ணினதே இல்ல."

யூக்திங் ஏணியிலிருந்து இறங்கி முதல் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பெயர் அட்டை. அண்ணனுக்கு வலப்பக்கம் மான்ஃபோங். இடப்பக்கம் மான்ஃபோங்கின் அம்மா. சுற்றி முடித்தவள் மறுபடியும் ஒரு தடவை சுற்றினாள்.

"எங்கம்மா பேர் எங்க?"

"எடம் இல்லடி. எங்கம்மாவுக்கு மூட்டு வலி. தூரமா உட்கார வைக்க முடியுமா?"

"என் அம்மா எங்கன்னு கேட்டேன்."

"சமையக்கட்டுக் கதவுப் பக்கம். எல்லாம் சூடா வரும். வயசானவங்களுக்கு நல்லது. சித்தப்பாகூட அங்கதானே உட்கார்றாரு. கேட்டுப் பாரு."

என்னைக் கை காட்டினாள். நான் வருஷா வருஷம் அங்கேதான் உட்காருகிறேன். சூடாகத்தான் வரும், மறுக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும், அவ்வளவுதான்.

"அப்பா முன்னால வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். வாங்கினவ பத்திரமா வெச்சுக்கணும்."

யூக்திங் மேஜையை விட்டு விலகினாள். இடுப்பில் கட்டியிருந்த ஆணிப்பையை அவிழ்த்தாள். "அப்போ உங்க நிலாவை நீங்களே ஏத்திக்குங்க."

"போயேன்." மான்ஃபோங் குரலை உயர்த்தவே இல்லை. "பாதி வேலையில ஓடிப்போனான்னு நாளைக்கு ஊர்ல இருக்கற எல்லா ஓட்டலுக்கும் நான் போன் பண்றேன். மெஷின் இல்லாம செத்தவங்க கணக்கையும் உன் பேர்லயே எழுதிடலாம். அப்புறம் உங்கம்மாவும் நீயும் மோங்காக் சந்தையில ரிப்பன் வித்துப் பொழைச்சுக்கலாம்."

ஆணிப்பை சிறிது நேரம் அவள் கையிலேயே தொங்கியது. பிறகு அதைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். ஏணியில் ஏறி, நிலா தொங்கும் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாள்.

போகிற பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும். அவள் திரும்பி வருகிற பக்கத்துக்கும் போட்டாள்.

*

அழைப்பிதழில் எட்டு மணி என்று போட்டிருந்தால் எங்கள் ஊரில் ஆறு மணிக்கே மாஜாங் ஆட வந்துவிடுவார்கள், ஒன்பதரைக்குத்தான் சாப்பிட உட்காருவார்கள். அன்றும் அப்படித்தான். பக்கத்துக் கூடத்தில் மாஜாங் கட்டைகள் உருளும் சத்தத்தில் ஆலங்கட்டி மழையோ என்று கதவுக்காரன் குடை விரித்தான்.

கப்பல் முதலாளி ஸின்னின் மனைவி வந்தாள். அவள் கவுனின் வால் மின்தூக்கியில் முழுதாக ஏறி முடிவதற்குள் அவள் மேலே வந்து ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டாள்.

மான்ஃபோங் நிலாத் தேவியாக உடுத்தியிருந்தாள். தங்க ஜரிகைச் சியோங்சாம் அங்கி. கொண்டை எவ்வளவு உயரம் என்றால், அவள் வருகிற வழியில் தொங்கிய சரவிளக்கின் கடைசி அடுக்கை ஓட்டல்காரர்கள் கழற்றி வைத்திருந்தார்கள்.

சின்ன அண்ணி தனியாக வந்தார். கருநீலச் சியோங்சாம், கை மணிக்கட்டு வரை நீளம். நகை ஒன்றும் தெரியவில்லை.

மான்ஃபோங் எதிரே போய் எல்லோருக்கும் கேட்கும்படி வரவேற்றாள். "வாங்க வாங்க. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. வழி தெரிஞ்சுதா?"

"நான் நடந்தே வந்தேன் மருமகளே. ஓட்டல் எங்க பக்கத்துலதான இருக்கு. நீதான் கடல் தாண்டி வந்திருக்கே. களைப்பா இருக்கா? மொகம் வீங்கியிருக்கு."

'மருமகளே' என்ற சொல்லில் மான்ஃபோங்கின் கொண்டை ஒரு விரற்கடை சாய்ந்தது.

"இன்னிக்கு ஊர்ப் பெரியவங்கல்லாம் வர்றாங்க. அவங்க முன்னால மருமக, மாமான்னு உறவு கொண்டாடிக்கிட்டு நிக்காதீங்க. சாப்பிடுங்க, பை குடுப்பாங்க, வாங்கிட்டுக் கிளம்புங்க."

"பையில என்ன இருக்கும்?"

"சோப்பு."

"நீயே வெச்சுக்க. இன்னிக்கு உனக்குத்தான் வேணும்."

சின்ன அண்ணி நேரே சமையற்கட்டு மேஜைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். யூக்திங் ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். 

"அம்மா, நான் ஏமாந்துட்டேம்மா. முதல் மேஜைன்னுதான் சொன்னாங்க..."

"தெரியும். வாசல்லயே அவ பல்லைப் பார்த்தேன்."

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"எதுக்கு? நீ பண்ணின நிலாவை நான் இன்னும் பார்க்கலையே." மகளின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "போ. வேலையைப் பாரு. அழுதுக்கிட்டு நின்னா சித்தப்பா கதை கட்டிடுவாரு."

இதைச் சொன்னது அவர் தப்பு. நான் கதை கட்டுகிறவன் இல்லை.

யூக்திங் போனாள். நிலாவை இழுக்கும் கயிறு மேடைக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அதன் அருகில் நின்றாள்.

*

ஒன்பதரைக்கு மான்ஃபோங் மண்டபத்துக்குள் நுழைந்தாள். சமையற்கட்டுக் கதவின் மேல், எங்கள் மேஜைக்கு நேர் மேலே, நிலா உதித்தது.

நிலா நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். முதல் மேஜையில் அவள் உட்கார்ந்தபோது நிலாவும் அவள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் நின்றது. மண்டபமே கைதட்டியது. அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய்ஹோங்கும் தட்டினான். தட்ட வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்கள்.

அண்ணன் தட்டவில்லை. அவருக்கு இடது காது கேட்காது. வலது காதுக்குக் கேட்க விருப்பமில்லை. அவர் பன்றிக்காகக் காத்திருந்தார். டாக்டர் வருஷம் முழுவதும் அவருக்குத் தோல் வறுவலைத் தடை செய்திருக்கிறார். இந்த ஒரு ராத்திரிதான் விதிவிலக்கு.

விளக்கணைந்தது. நிலாவும் அணைந்தது. மேளம் கொட்டியது.

என் முதுகில் கதவு இடித்தது. லோ முதல் பன்றியைத் தோளுயரத்தில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற பன்றிகள், வரிசையாகச் சிவப்புக் கண்கள். லோ சொன்ன சொல் தவறாமல் தலையை அண்ணாந்து நிலாவைத் தேடினான்.

நிலா எரிந்தது. அவன் தலைக்கு நேர் மேலே.

இருட்டிலேயே யூக்திங் அதைத் திரும்ப இழுத்துவந்துவிட்டாள். ஒரு கிறீச்சுக்கூடக் கேட்கவில்லை. எண்ணெய் அப்படிப்பட்ட எண்ணெய்.

லோ யோசிக்கவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்தான். பன்றியைச் சின்ன அண்ணிக்கு முன்னால் இறக்கினான். ஹாங்காங் விருந்துச் சரித்திரத்திலேயே இவ்வளவு சின்னப் பன்றி ஊர்வலம் நடந்ததில்லை. பின்னால் வந்த பன்றிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக் கதவிலேயே நெரிசலாகி, பிறகு எப்படியோ பிரிந்து தத்தம் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லா மேஜைக்கும் பன்றி வந்துவிட்டது, ஒன்றைத் தவிர.

விளக்குகள் எரிந்தபோது தங்க நாற்காலிகளுக்கு முன்னால் வெறும் வெள்ளித் துணிதான் இருந்தது.

"பன்னி எங்க?" என்றார் அண்ணன். கொஞ்ச நாளாக அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை இது.

மான்ஃபோங் எழுந்தாள். ஜரிகை சரசரக்க மண்டபத்தின் நடுவே பாதி தூரம் வந்து லோவைப் பார்த்துக் கத்தினாள். வரவேற்புரை படிக்கக் கையில் வைத்திருந்த மைக்கை அவள் கீழே வைத்திருக்கவில்லை.

"தூக்குடா அந்தப் பன்னியை! யாரு முன்னால வெச்சிருக்கே தெரியுதா!"

நாற்பது மேஜைக்கும் கேட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதியது.

லோ கையைப் பிசைந்தான். "நிலாவுக்கு நேர் கீழன்னு நீங்கதானேம்மா..."

"தூக்குன்னு சொன்னேன்!"

"இறக்கின பன்னியைக் கடிக்காம தூக்கினா வீட்டுக்கு ஆகாதும்மா. முந்தின வருஷம் தூக்கச் சொன்னவங்க நகைக்கடையில இப்போ சலூன் இருக்கு."

உலர்மீன், முத்து, கப்பல், வங்கி என்று வியாபாரம் செய்கிறவர்கள் நிறைந்த மண்டபம் அது. 'சலூன்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். மேஜைப் பூக்கள் வாடின.

கப்பல் முதலாளி ஸின் முதல் மேஜையிலிருந்து குரல் கொடுத்தார்: "மொக் ஐயா, நீங்க கடிச்சாத்தான் நாங்க சாப்பிட முடியும். காலையிலேர்ந்து வயித்தைக் காயப்போட்டு வந்திருக்கேன்."

அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"மாமா, உட்காருங்க! பன்னி இங்க வரும்!"

அண்ணன் அவளுக்குத் தன் இடது காதைக் காட்டியபடி அவளைத் தாண்டி நடந்தார். பதினைந்து வருஷமாகக் காரிலிருந்து வாசல்படிக்கே கைத்தாங்கலாக வருகிறவர் அவர். அன்று மண்டபத்தின் முழு நீளத்தையும் ஒற்றை ஆளாக நடந்தார். பட்டு முயல்கள் தலையைத் திருப்பிப் பார்த்தன.

வீட்டுத் தலைவர் இல்லாத மேஜையில் உட்கார்வது மரியாதையில்லை. ஸின் எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள், வால் பிறகு எழுந்தது. வங்கிக்காரர்கள் எழுந்தார்கள். ஆளுக்கொரு தங்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் வந்தார்கள். கடைசியில் வாய்ஹோங் மனைவியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா போறாரு மான்ஃபோங்... நான் சும்மா என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்று தன் குச்சிகளையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மான்ஃபோங்கின் அம்மாகூட எழுந்துவிட்டார். மூட்டு வலியில் அவ்வளவு வேகமாக நடப்பவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் நகர்ந்து அண்ணனுக்கு இடம் விட்டேன். அவர் சின்ன அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பேர் முன்னால், நாற்பது மேஜைக்கு முன்னால், விளக்கு எரியும்போது.

திரைக்குப் பின்னாலிருந்து யூக்திங் தலையை நீட்டினாள். கயிறு இன்னும் கையில் இருந்தது. அதை விட்டால் நிலா நழுவிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

அண்ணன் ஒரு துண்டுத் தோலை எடுத்துக் கடித்தார். அந்த மொறு மொறு சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. மண்டபம் முழுவதும் குச்சிகள் எழுந்தன.

"நடந்தே வந்துட்டீங்களே," என்றார் சின்ன அண்ணி, அவரைப் பார்க்காமல்.

"பன்னி இங்க வந்துடுச்சு லான்."

"இவ்ளோ தூரம் நடப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் நடந்தா என் வீடு."

 அண்ணன் அடுத்த துண்டை எடுத்துச் சின்ன அண்ணியின் கிண்ணத்தில் வைத்தார். சின்ன அண்ணி அதைத் தொடவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை.

*

மான்ஃபோங்கைத் தோற்றுப்போனவள் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கவில்லை.

அவள் எங்கள் மேஜைக்கு வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். யூக்திங்கும் வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டீங்க அண்ணி," என்றாள் யூக்திங். "ரொம்ப நன்றி."

"நன்றியை அப்புறம் சொல்லு." மான்ஃபோங் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். குரலில் தேன் வழிந்தது. "பெரியவங்களே, இதுதான் இனிமே முதல் மேஜை. ரொம்ப சந்தோஷம். முதல் மேஜை அம்மாதான் ஏலத்தைத் தொடங்கி வைக்கணும். தான் போட்டிருக்கற நகையில ஒண்ணை எல்லாரும் பார்க்கக் கழட்டி ஏழைகளுக்குக் குடுக்கணும். எங்க அத்தை காலத்துலேர்ந்து வர்ற வழக்கம். வருஷா வருஷம் நான் குடுப்பேன். இந்த வருஷம்..." சின்ன அண்ணியின் வெறும் கழுத்தை, வெறும் காதை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்த வருஷம் இவங்க குடுப்பாங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. யூக்திங் தன் மணிக்கட்டை நீட்டினாள். "என்னோட கைக்கடிகாரத்தை..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னை யாரு கேட்டா? நீயா முதல் மேஜை அம்மா?"

"மெதுவா பேசு மருமகளே. மைக் இருக்கில்ல, தொண்டை எதுக்குக் கிழியணும்?"

சின்ன அண்ணி தன் கிண்ணத்திலிருந்த தோல் துண்டை எடுத்தார். அண்ணன் வைத்த அதே துண்டு. சாப்பிடவில்லை. அங்கியின் இடது கைத் துணியை முழங்கை வரை மேலே தள்ளினார். பன்றியின் கொழுப்பை மணிக்கட்டைச் சுற்றி நிதானமாகத் தேய்த்தார்.

உள்ளே ஒரு பச்சை வளையல். எங்கள் பெண்கள் ஜேட் என்ற பச்சைக்கல் வளையலை ஒரு தடவை போட்டால் சாகும் வரை கழற்ற மாட்டார்கள், கை பெருத்த பிறகு கழற்றவும் முடியாது. கொழுப்புக்கு அது இடம் கொடுத்தது. எலும்பைத் தாண்டும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வளையலை மேஜையின் நடுவில் வைத்தார்.

பாசி நிறப் பச்சை. ஓரிடத்தில் மட்டும் தேள் மாதிரி பழுப்பாக ஒரு கோடு.

மான்ஃபோங் மைக்கை நழுவ விட்டாள். வாய்ஹோங்கின் வாயிலிருந்த துண்டு கிண்ணத்தில் விழுந்தது. அந்தத் தேளை எங்கள் குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லை. அது பெரிய அண்ணியின் வளையல். அவர் இறந்தபோது கையிலிருந்து கழற்ற முடியாமல், அதோடேயே பெட்டியை மூடிப் புதைத்தோம். மூடிக்கு ஆணி அடித்தவன் வாய்ஹோங்.

"இதைக் குடுத்தவங்ககிட்டயே கேளுங்க," என்றார் சின்ன அண்ணி. அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. மான்ஃபோங்கின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

மறுநாள் மூன்று பத்திரிகைகளில் இந்த விருந்தின் புகைப்படம் வந்தது: முதல் மேஜையில் பன்னிரண்டு பேரும் பன்றியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணனுக்கு ஒரு பக்கம் மான்ஃபோங், மறுபக்கம் அவள் அம்மா. நான் ஆணையிட்ட கீழ்வரிசைப் பல் இன்னும் விழவில்லை, ஆகவே பொய் அந்தப் படத்தில்தான்.